சாமியறையில் காய்ந்த நெல்

எங்கள் மில் ஏன் பாதை திரும்புகிற அந்த முடக்கில் இருந்தது என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அது அங்கே எப்படிப் பெருத்தது என்று கேட்டவர்கள் அதைவிடப் பலர். இரண்டுக்குமே எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. மில்காரன் பெண்சாதி எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறைக்க என்னிடம் என்ன இருந்தது? எனக்கு ஒரு கல்வீடு வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. அதையும் நான் கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

எனக்குச் சீதனமாகக் கிடைத்தது யாழ்ப்பாணத்தில் ஒரு வளவு. நல்ல தண்ணீர்க் கிணறு, வேலியோரம் பனைகள், நடுவில் வெறும் நிலம். கலியாணம் முடிந்தபின் அந்த வெறும் நிலத்தில் வீடு கட்டுவதென்று பேச்சு. கட்டுவதற்கு முன்பே நான் அதற்குள் குடியிருந்தேன். கிழக்குப் பார்த்த விறாந்தை, அதற்குப் பின்னால் நான் படுக்கப்போகிற பெரிய அறை, வடகிழக்கு மூலையில் சாமியறை, பின்பக்கம் புகை வெளியே போகக்கூடிய குசினி. கண்ணை மூடினால் எந்த அறையிலும் தடக்காமல் நடந்து போவேன்.

என் கணவர் கொழும்பில் ஓர் அரிசிக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தவர். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பரந்தனில் அரசாங்கம் பெரிய ஆலை கட்டுகிறது, வன்னிக் காடெல்லாம் வெட்டி யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று எங்கும் ஒரே கதை. ஒருநாள் அவர் சுருட்டிய வரைபடம் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். கட்டிலில் அதை விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இஞ்சாரும், இதைப் பாரும். இது கண்டி றோட்டு. இது றெயில். இது குளம், இது வயல். நெல்லு முழுக்க இந்த முடக்காலதான் வெளியில வரவேணும். வேற வழியே இல்லை. இதில ஒரு மில் போட்டமெண்டா ஆர் எங்களைத் தாண்டிப் போறது?”

“அப்ப வீடு?”

வரைபடத்தில் ஒன்றும் எழுதாத ஓரிடமாகப் பார்த்து விரலை வைத்தார்.

“வீடு இதில. வளவை வித்து மெசின் வாங்குவம். ஒரு வருசத்துக்குள்ள உமக்கு அதைவிடப் பெரிய கல்வீடு.”

அவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் என் குழப்பத்தின் தொடக்கம். பிழையாகப் பட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சண்டை பிடிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வளவு விற்றாயிற்று. கனகராயன்குளத்துக்கு வடக்கே, குடியேற்றத்து மண்பாதை கண்டி றோட்டில் வந்து ஏறுகிற முடக்கில் தகரக் கொட்டகை ஒன்று எழும்பியது. அது மெசினுக்கு. கிடுகு வேய்ந்த மண்கொட்டில் ஒன்றும் எழும்பியது. அது எங்களுக்கு. கொட்டிலுக்குள் நான் நிமிர்ந்தால் கூரை தலையில் இடிக்கும். விடிந்தால் மயில்கள் வந்து வாசலில் நின்று கத்தும். யாழ்ப்பாணத்தில் மயிலைக் கோயில் சுவரில் கீறிய படமாகத்தான் கண்டிருக்கிறேன். அது இவ்வளவு பெரிய கள்ளப்பறவை, உலை வைக்க எடுத்த அரிசியைக்கூடக் கண்முன்னே கொத்திக்கொண்டு ஓடும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

“காத்திருக்காமல் நெல் குத்தலாம்” என்று பெயர்ப்பலகை எழுதி, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி மெசினைத் தொடக்கினார். சனம் வந்தது, பார்த்தது, மெசின் நல்லாயிருக்கிறது என்றது, போனது. நெல் வரவில்லை.

அது வராமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வந்தது! வண்டில் வண்டிலாக எங்கள் படலையடியால்தான் வந்தது. முடக்கில் ஏறி, கண்டி றோட்டில் கொஞ்சத் தூரம் போய், மறுபடியும் காட்டுக்குள் இறங்கி, குளத்தங்கரையில் இருந்த இன்னொரு மில்லுக்குப் போனது. அதை நடத்தியவர் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் முதலாளி. அந்தப் பாதையில் மாரியில் சில்லுப் புதையும், கோடையில் பொருக்குக் குத்தும். அவருடைய மெசினோ கிழட்டு மெசின், அது இருமுவது எங்கள் கொட்டில்வரை கேட்கும். போகிற வண்டில்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையும் காட்டிக்கொண்டு போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் காரணம் தேடினார். எங்களுக்கு முதலே குடியேறிய ஓர் அக்கா, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி, கொட்டிலுக்கு வந்து போவார். அவரைக் கேட்டோம்.

“அங்க அரிசி உடைஞ்சு குறுணல் விழாது, தங்கச்சி” என்றார்.

என் கணவர் மெசினைக் கழற்றிப் பூட்டினார். அரிசி முத்துப்போல் விழுந்தது. ஒருவரும் வரவில்லை.

வண்டில்காரர் ஒருவரைக் கேட்டோம். “மாட்டுக்கு அங்க தண்ணி இருக்கு, அண்ணை” என்றார். நாங்கள் சீமெந்தில் தொட்டி கட்டித் தண்ணீர் நிறைத்தோம். மாடுகள் நின்று குடித்தன. குடித்துவிட்டு அந்த மில்லுக்குப் போயின. இன்னொருவர், எங்கள் மெசின் சரியான கெதி, அவ்வளவு கெதியாகக் குத்தினால் அரிசிக்கு என்ன சத்து மிஞ்சும் என்று கேட்டார். என் கணவர் மெசினின் வேகத்தைக் குறைத்தார். பிறகு தன்னை நொந்துகொண்டு திரும்பக் கூட்டினார். சொல்கிற காரணத்தை எல்லாம் நாங்கள் நீக்க நீக்க, சனத்துக்குப் புதுப்புதுக் காரணம் ஊறியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் ஏன் போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து எங்களுக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருநாள் என் கணவர் எண்ணெய் வாங்க வவுனியாவுக்குப் போயிருந்தபோது, நான் எங்கள் வீட்டு நெல்லில் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு அந்த அக்காவின் வண்டிலில் ஏறினேன். சொந்த மில் இருக்க, மற்றவன் மில்லுக்கு நெல் கொண்டுபோன மில்காரி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கு வெட்கம் இல்லை, விளங்கவேண்டும் என்ற வெறிதான் இருந்தது.

அங்கே போய்ப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. குளம், ஒரு மருதமரம், அகலமாகப் படுத்துக் கிடந்த ஒரு கருங்கல் பாறை. பாறை முழுக்கப் பெண்கள். நெல்லைப் பரப்பிவிட்டு, காலால் துழாவிக்கொண்டு, பெரிய சத்தத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மில் முதலாளி என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுவிட்டார்.

“முடக்கு மில் அண்ணையின்ர வீட்டுக்காரி எல்லே? உங்கட மெசின் பழுதோ?”

“இல்லை, நானா” என்றேன். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் சிரித்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. பனங்கட்டியோடு தேத்தண்ணீர் தந்தார். நான்தான் கேட்டேன்.

“நானா, நீங்கள் ஏன் இந்தக் காட்டுக்குள்ள கொண்டுவந்து மில்லைப் போட்டனீங்கள்?”

“நானெங்க போட்டன், தங்கச்சி? முல்லைத்தீவில இருந்து கருவாடு ஏத்திக்கொண்டு வந்தனான். இதில வண்டில் அச்சு முறிஞ்சுது. கருவாடு பழுதாப் போகாமல் பாறையில காயப் போட்டிட்டு இருந்தன். சனம் வந்து வாங்கிச்சுது. நெல்லைத் தந்து வாங்கிச்சுது. நெல்லு சேந்துது, பேந்து மெசின் வந்துது. அண்டைக்கு இறங்கினனான், இன்னும் ஏறேல்லை.”

வீட்டுக்கு வந்து இதை என் கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

“அச்சு முறியிறதெல்லாம் ஒரு திட்டமே?” என்றார். வரைபடத்தை மறுபடி எடுத்து விரித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். றோட்டும் றெயிலும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

வருசம் ஒன்று போய்விட்டது. கல்வீட்டைக் காணோம். என் தகப்பனார், சித்திரைக்குள் இரண்டு பேரும் திரும்பி வாருங்கள், மருமகனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று ஆள் அனுப்பிச் சொன்னார். நான் பெட்டியைக் கட்டினேன். சும்மா வெருட்டுவதற்கு அல்ல, உண்மையாகவே போவதற்குத்தான் கட்டினேன். என் வளவும் போய், வீடும் இல்லாமல், கிடுகுக்குக் கீழே குனிந்தபடி ஒரு காலம் முழுவதும் இருக்க என்னால் ஏலாது என்றேன். அழுதேன், ஏசினேன், பிறகும் அழுதேன்.

அவர் பயந்துவிட்டார். அடுத்த கிழமையே சாத்திரியார் வந்து, சோதிடப்படி வீடு நிற்கவேண்டிய இடத்தைக் குறித்து, நிலையம் எடுத்தார். மூலைக்கல்லின் கீழே நவதானியமும் பொன்துண்டும் வைத்து அத்திவாரம் போட்டாயிற்று. அதோடு நின்றிருந்தால் எல்லா வீடுகளையும்போல எங்கள் வீடும் வளர்ந்திருக்கும். ஆனால் அத்திவாரம் வெறும் கல்வரிசை. அதைப் பார்த்து நான் பெட்டியை அவிழ்க்கமாட்டேன் என்று அவருக்குப் பட்டது. அறைகளை நான் கண்ணால் பார்க்கவேண்டும் என்று நினைத்தார். இருந்த சீமெந்து முழுவதையும் கொட்டி முதலில் வீட்டின் நிலத்தை, அறைகளின் தரையை, போடச் சொன்னார்.

மேசன் தலையில் கைவைத்தார். “சுவர் எழும்ப முந்தி நிலம் போடுறதோ, முதலாளி? நான் ஒரு இடத்திலயும் செய்யேல்லை.”

“நீர் போடும்” என்றார் என் கணவர்.

ஈரம் காயும் முன்பு கயிற்றை அழுத்தி, இது விறாந்தை, இது பெரிய அறை, இது சாமியறை, இது குசினி என்று கோடு போட்டார்கள். என் மனதில் இருந்த வீடு அப்படியே நிலத்தில் படுத்துக் கிடந்தது. நான் பெட்டியை அவிழ்த்தேன். சீமெந்தும் முடிந்தது, கையிருப்பும் முடிந்தது.

நான் தினமும் அந்த வீட்டைக் கூட்டினேன். வாசல் வரவேண்டிய இடத்தில் கோலம் போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் சாமியறையில் விளக்கு வைத்தேன். சுவர் இல்லாத சாமியறை, காற்று வந்து உடனே அணைத்துவிடும். மறுபடி கொளுத்துவேன். என் கணவர் மில் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஒரு மழைக்கு மறுநாள் அந்த அக்காவின் வண்டில் முடக்கில் நின்றது. காட்டுப்பாதையில் வெள்ளம். அவித்த நெல் மூட்டைக்குள் ஈரமாகவே இருந்தது. அங்கே எல்லாரும் நெல்லை வீட்டில் அவித்துத்தான் மில்லுக்குக் கொண்டுவருவார்கள். அவித்த நெல் ஒருநாள் காயாமல் கிடந்தால் மணக்கத் தொடங்கிவிடும், பிறகு அந்தச் சோற்றில் வாய் வைக்க முடியாது.

“தங்கச்சி, இதில கொஞ்சம் காயப் போடட்டே?”

எனக்கு மனமில்லை. ஆனால் மணக்கப்போகிற நெல்லைப் பார்த்துக்கொண்டு யாரால் மறுக்க முடியும்?

“விறாந்தையில போடுங்கோ, அக்கா” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து, விறாந்தைக் கோட்டுக்குள் அடக்கமாக நெல்லைப் பரப்பினார். மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. காய்ந்த நெல்லைத் திரும்ப வண்டிலில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோவானேன்? எங்கள் மில்லிலேயே குத்திக்கொண்டு போனார்.

மறுநாள் வேறு இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள் விறாந்தை நிறைந்தது, பிறகு பெரிய அறை, பிறகு குசினி. அந்தப் பெண்களின் வீடுகளிலும் மண்முற்றம்தான். சாக்குப் படங்கை விரித்துக் காயப்போட்டால் ஆடு, கோழி, மயில் எல்லாம் வரும். என் வீட்டு நிலம் அவர்களுக்கு அரண்மனையாக இருந்தது. வரும்போதே கேட்பார்கள்: “தங்கச்சி, குசினி இருக்கே?” “பெரிய அறை ஆருக்கு?” சாமியறைக்குத்தான் போட்டி. அதில் காய்ந்த நெல்லில் குறுணல் விழாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வீட்டுக்கு விலக்கான நாட்களில் ஒருத்தியும் அதற்குள் கால் வைக்கமாட்டாள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. ஒருமுறை ஓர் இளம்பெண் குசினியிலிருந்து பெரிய அறைக்குக் கோட்டைத் தாண்டி நேரே நடந்துவிட்டாள்.

“சுவருக்குள்ளால போறாளே, பாருங்கோ இவளை! வாசல் இருக்கிறது கண் தெரியேல்லையோ?” என்று இன்னொருத்தி ஏசினாள்.

நான் சிரித்தேனா, எனக்கு எரிச்சலாக இருந்ததா? இரண்டும்தான். என் வீட்டின் சுவர்களை என்னைவிட அவர்கள் நம்பினார்கள்.

மில் ஓடத் தொடங்கியது. முடக்கில் ஒரு தேத்தண்ணீர்க் கடை வந்தது, சைக்கிள் திருத்துகிற ஒருவர் வந்தார், பிறகு ஒரு புடைவைக்கடை. இரண்டாவது மெசினும் வந்தது. என் கணவர் தேத்தண்ணீர்க் கடையில் இருந்து வருகிற போகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார்: “நான் அப்பவே சொன்னனான். றோட்டு, றெயில், வயல். கணக்குப் பிழைக்காது.” வண்டில்காரர்கள் தண்ணீர்த் தொட்டி என்றார்கள். சாத்திரியார், மில்லுக்கு நிலையம் எடுக்காமல் விட்டதுதான் முதலில் பிடித்த தோசம், வீட்டுக்கு எடுத்ததோடு அது நீங்கிவிட்டது என்றார். பெண்கள் சாமியறை என்றார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுபோலவும் இருந்தது, ஒன்றிலும் இல்லாததுபோலவும் இருந்தது. குளத்தங்கரை முதலாளி ஒருநாள் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும் அச்சு முறிஞ்சிட்டுது போல, தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையில் காசு சேர்ந்ததும் என் கணவர் சுவருக்குக் கல் ஏற்றிவந்து பறித்தார். சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை, அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நல்லநாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி, வாசலில் முதிரை மரத்தில் கதவுநிலை வைத்தோம். நான் பட்டுச்சேலை உடுத்து நின்றேன். பெண்கள் எல்லாரும் வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், சந்தோசம் என்றார்கள். பிறகு தங்கள் நெல்லை அள்ளிக்கொண்டார்கள். மேசன் கயிறு கட்டிச் சுவரைத் தொடங்கினார்.

மறுநாள் விடிய, மாட்டு மணிச் சத்தம் கேட்டு நான் போய்ப் புதுநிலைக்குள் நின்றேன். வண்டில்கள் மண்பாதையால் வந்தன. முடக்கில் ஏறின. கண்டி றோட்டில் திரும்பிக் குளத்தங்கரைப் பக்கம் போயின. அந்த அக்கா வண்டிலில் இருந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். பழைய மாதிரியே.

சுவர் முழங்கால் உயரம்கூட வரவில்லை. அடுத்து வந்த நாளெல்லாம் வண்டில்கள் அப்படியே போயின. மெசின்கள் சும்மா நின்றன. வேறிடத்தில் ஒரு நிலம் போட்டுக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டோம். மில்லுக்குப் பின்னால், அதே அளவில், அதே சீமெந்தில். ஒருத்தியும் அதில் ஒரு பிடி நெல் போடவில்லை. “அது சும்மா நிலம், தங்கச்சி” என்றார் அந்த அக்கா. அதற்கு என்ன கருத்து என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

என் கணவர் ஒரு பின்னேரம் நிலையடியில் வந்து குந்தினார்.

“நீர் சொல்லும். உம்மட விருப்பம்” என்றார்.

அதுதான் எனக்கு ஆத்திரம். வளவை விற்கிறபோது வரைபடத்தில் எல்லாவற்றையும் தானே முடிவு செய்தவர். இதை மட்டும் என் தலையில் வைத்தார். நான் அறைகளைப் பார்த்தேன். கூட்டிச் சுத்தமாக, ஒரு சத்தமும் இல்லாமல், என் வீடு எனக்காகக் கிடந்தது. அதற்குள் நடந்து போனேன். எனக்கு அது பிடிபடவில்லை. யாருடைய வீட்டுக்குள்ளோ போய்விட்டதுபோல இருந்தது.

“மேசனைப் போகச் சொல்லுங்கோ” என்றேன்.

ஏன் சொன்னேன்? மில்லுக்காகவா, அவருக்காகவா, அந்தப் பெண்களின் சத்தத்துக்காகவா? தெரியாது. சொல்லி முடித்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. வைத்த கல்லைப் பிடுங்கி ஓரமாக அடுக்கினார்கள். கதவுநிலையை மட்டும் எடுக்கவில்லை, வைத்த நிலையைப் பிடுங்குவது குடும்பத்துக்கு ஆகாது. அது வெட்டவெளியில் தனியே நின்றது. பெண்கள் திரும்பி வந்தார்கள். எந்தப் பக்கத்தாலும் வரக்கூடிய இடத்துக்கு, வரிசையாக அந்த நிலைக்குள்ளாலேயே வந்தார்கள்.

அறுபதுகள் பிறந்தபின் ஒருநாள் ஜீப்பில் ஓர் உத்தியோகத்தர் வந்தார். கொழும்புக்காரர், தமிழர். வன்னியில் எந்த இடங்களில் தொழில்கள் தாமாக வளர்கின்றன, ஏன் வளர்கின்றன என்று அறிந்து மேலிடத்துக்குச் சொல்லவேண்டுமாம். என் கணவருக்குக் காலே நிலத்தில் பாவவில்லை. மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்த வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, றோட்டு, றெயில், வயல் என்று தொடங்கினார். உத்தியோகத்தர் கேட்டுக்கொண்டே சப்பாத்தோடு நிலத்தில் நடந்தார்.

“ஐயா, அது சாமியறை. சப்பாத்தைக் கழட்டுங்கோ” என்று ஒரு கிழவி அதட்டினாள்.

அவர் நாலு பக்கமும் பார்த்தார். நெல்லும் வெயிலும்தான் இருந்தன. வெளியே போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நிலைக்குள்ளால் தலையைக் குனிந்து திரும்ப வந்தார். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

“நீங்கள் என்ன சொல்லுறியள், அம்மா? ஏன் இந்த இடத்தைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?”

“நாங்கள் வீடு கட்டத்தான் வந்தனாங்கள்” என்றேன்.

அவர் மிச்சத்தையும் சொல்வேன் என்று காத்திருந்தார். மிச்சம் இருக்கவில்லை. என் கணவர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார், என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்நிய மனிதருக்கு முன்னால் அழக்கூடாதென்று றோட்டுப் பக்கம் திரும்பினேன். முடக்கில் வண்டில் ஒன்று வந்து நின்றது. அந்த அக்கா இறங்கிக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, சாமியறை இருக்கே?”

“இல்லை, அக்கா. பெரிய அறை இருக்கு. என்ர படுக்கிற அறை. வாங்கோ” என்றேன்.

அவர் நிலையடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.